முகூர்த்தத்துக்கு ஒருவர், விருந்துக்கு ஒருவர்: சுங்கை சிப்புட் திருமணங்களுக்குப் புகைப்படக்காரரைத் தேர்ந்தெடுப்பது

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள எல்பில், டோவன்பி, ஹீவுட் போன்ற தோட்டப் பகுதிகளிலும் ஒரு திருமணம் நிச்சயமாகிவிட்டால், மண்டபம், சாப்பாடு, மேளம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக வீட்டில் வாக்குவாதத்தைக் கிளப்புவது புகைப்படக்காரர் விஷயம்தான். காதுகுத்து முதல் காரியம் வரை எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்த பட்டணத்து ஸ்டூடியோக்காரரையே பேசிவிடலாம் என்பார்கள் பெரியவர்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் இன்ஸ்டாகிராமில் பார்த்துப் பிடித்துப்போன ஈப்போ குழுவையோ கோலாலம்பூர் குழுவையோ காட்டுவார்கள். நல்ல கேமரா வாங்கி வைத்திருக்கும் சித்தப்பா மகன், நான் இருக்கும்போது வெளியாள் எதற்கு என்பான். மணவறை அலங்காரத்துக்குப் பேசப் போன இடத்திலோ அலங்காரம், ஒலிபெருக்கி, படம், வீடியோ எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விலைக்குத் தருவதாகச் சொல்வார்கள்.

கோயில் நிர்வாகக் குழுவில் இருப்பவன் என்ற முறையில் இந்த நான்கு வகையினரும் மணவறையைச் சுற்றி வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்து வருகிறேன். திருமணம் முடிந்த பிறகு ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்து குறை சொல்லும் பெற்றோரையும் பார்க்கிறேன். அந்தக் குறைகளில் பெரும்பாலானவை புகைப்படக்காரரின் திறமைக் குறைவால் வருவதில்லை. விடியற்காலையில் கோயிலில் நடக்கும் முகூர்த்தமும் இரவில் மண்டபத்தில் நடக்கும் விருந்தும் முற்றிலும் வேறான இரண்டு வேலைகள் என்பதை மறந்து, ஒன்றில் கெட்டிக்காரரான ஒருவரிடம் இரண்டையும் ஒப்படைத்துவிடுவதால்தான் வருகின்றன. ஆகவே எந்த ஸ்டூடியோ நல்லது என்று கேட்பதற்கு முன்பு, எந்த வேலைக்கு எந்த ஸ்டூடியோ என்று கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

காலை வேலை

முகூர்த்தம் காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் என்று ஐயர் குறித்துக் கொடுத்தால், அது நம் நாட்டில் ஏறக்குறைய இரவு நேரம் என்பதை முதலில் நினைவில் வைக்க வேண்டும். 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டதிலிருந்து, இங்கே சூரியன் உதிப்பது ஏழு மணியை ஒட்டியோ அதற்குப் பிறகோதான். தமிழ்நாட்டுத் திருமணப் படங்களில் காணப்படும் இளங்காலை வெளிச்சத்தை எதிர்பார்த்துக்கொண்டு கோயிலுக்கு வந்தால், கிடைப்பது டியூப் லைட்டும் குத்துவிளக்கும் ஓமத்தீயும் கலந்த வெளிச்சம்தான். டியூப் லைட் ஒரு நிறம், தீ இன்னொரு நிறம், மணவறைக்குப் பின்னால் அலங்காரக்காரர் கட்டிய எல்.இ.டி. சரம் மூன்றாவது நிறம். மூன்றும் மணப்பெண்ணின் ஒரே முகத்தில் விழும்.

அந்த எல்.இ.டி. விளக்குகள் தரும் தொல்லை நிறத்தோடு நிற்பதில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான விளக்குகள் வினாடிக்கு 100 முறை மினுக்குகின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்த மினுக்கல் கேமராவுக்குத் தெரியும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 வினாடி என்று அதற்கு இசைவாக வைக்காவிட்டால், படத்தின் குறுக்கே மங்கலான பட்டைகள் விழக்கூடும். ஓசை வரக் கூடாதென்று மின்னணு ஷட்டரில் எடுப்பவர்களுக்கு இந்தச் சங்கடம் இன்னும் அதிகம். ஃபிளாஷ் போட்டுச் சமாளிக்கலாமே என்றால், கோயில் மண்டபத்தின் கூரை உயரமாகவும் இருண்ட நிறத்திலும் இருப்பதால் மேல்நோக்கி அடித்த வெளிச்சம் திரும்பி வராது. நேராக அடித்தாலோ ஓமப்புகையில் பட்டுத் தெறித்து, முன்னால் வெள்ளைத் திரை விரித்ததுபோல் ஆகிவிடும். இதையெல்லாம் அறிந்தவர் விளக்கைக் கம்பத்தில் கட்டிப் பக்கவாட்டில், புகை போகும் திசைக்கு எதிரே நிறுத்துவார். அறியாதவர் படம் பிடித்த பிறகு கணினியில் சரிசெய்துகொள்ளலாம் என்பார்.

தாலி கட்டும் கணத்தை நெருக்கத்தில் பார்த்தவர்களுக்கு அந்த இடத்தின் நெருக்கடி தெரியும். ஐயர் தாலியை ஆசீர்வாதத்துக்குச் சுற்றி அனுப்பி, அது திரும்பி வந்து, மாப்பிள்ளை கையில் எடுத்ததும் கெட்டிமேளம் கேட்கும். அந்த ஓசைக்கு எல்லாரும் எழுந்து நிற்பார்கள். முதல் வரிசையில் இருந்த பெரியப்பா கைப்பேசியை உயர்த்துவார். அட்சதை நாலாப் பக்கத்திலிருந்தும் பறக்கும். மாப்பிள்ளையின் இரு கைகளும் பெண்ணின் கழுத்தை மறைக்கும். மூன்றாவது முடிச்சைப் போட நாத்தனார் பின்னாலிருந்து குனிவார். மாப்பிள்ளையின் முகம், பெண்ணின் முகம், மஞ்சள் கயிறு, நாத்தனாரின் கை ஆகிய நான்கும் ஒன்றாகத் தெரியும் கோணம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அந்த இடத்தில் முன்கூட்டியே ஒரு சிறிய முக்காலி போட்டு நிற்பவருக்குப் படம் கிடைக்கும். கெட்டிமேளம் கேட்ட பிறகு இடம் தேடுபவருக்குப் பெரியப்பாவின் முதுகு கிடைக்கும்.

ஆகவே காலை வேலைக்கு வருபவருக்குக் கேமரா அறிவைப்போலவே சடங்கு அறிவும் வேண்டும். தாய்மாமன் மாலை போடும்போது எந்தப் பக்கம் நிற்பார், அம்மி மிதிக்கும்போது மெட்டி எந்தக் காலில் ஏறும், பாதபூஜையின்போது எந்த வரிசையில் பெற்றோர் அமர்வார்கள் என்பதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கக் கூடாது. கோயில் ஒழுங்கும் தெரிந்திருக்க வேண்டும்: மூலஸ்தானத்தை நோக்கி ஃபிளாஷ் அடிக்கக் கூடாது, காலணியோடு படியேறக் கூடாது, அபிஷேகம் நடக்கையில் குறுக்கே போகக் கூடாது. இதற்காக நான் ஈப்போவிலிருந்து வந்த இளைஞர்களிடம் முகம் கடுத்துப் பேச நேர்ந்ததுண்டு. அவர்கள் மரியாதை தெரியாதவர்கள் இல்லை, அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

இரவு வேலை

இரவு விருந்து அவ்வளவு சிக்கலானது இல்லை. வெளிச்சம் நம் கட்டுப்பாட்டில் இருக்கும், நேரம் முன்னே பின்னே போனாலும் முகூர்த்தம் தவறிவிடாது, மேடைக்கு வருகிறவர்களை மறுபடி நிற்கச் சொல்லலாம். இங்கே வேண்டியது வேகமும், அழகுணர்ச்சியும், நூற்றுக்கணக்கானவர்களை வரிசையாக மேடையேற்றி இறக்கும் நிர்வாகமும்தான். மணமக்கள் நுழைவு, கேக், நடனம், தோழர் தோழியரின் குறும்பு ஆகியவற்றைச் சினிமாப் பாணியில் எடுத்துச் சிறு காணொளியாகத் தொகுத்துக் கொடுப்பதில் இன்றைய இளம் குழுக்களை உள்ளூர் ஸ்டூடியோக்கள் எட்டிப் பிடிப்பது கடினம்.

ஆனால் இளம் குழுக்களின் பாணியில் ஒரு சிக்கல் உண்டு. பின்னணி கரைந்து முகம் மட்டும் துலங்கும் படத்துக்காக லென்ஸின் திறப்பை எஃப் 1.4, எஃப் 1.8 என்று அகலமாகத் திறந்து வைப்பார்கள். இருவர் நிற்கும் படத்துக்கு அது அழகு. அதே திறப்பில் இருபது பேர் கொண்ட குடும்பப் படத்தை எடுத்தால், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் தெளிவாகவும் பின்வரிசையில் நிற்கும் தாத்தா பாட்டி மங்கலாகவும் வருவார்கள். குடும்பப் படத்துக்குத் திறப்பை எஃப் 5.6, எஃப் 8 என்று குறைத்து (எண் கூடக் கூடத் திறப்பு சிறுக்கும்), வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும். இது எந்தப் புகைப்படக்காரருக்கும் தெரிந்த பாலபாடம்தான். இரவு பதினொரு மணிக்குக் களைத்துப்போன நிலையில் அதைச் செய்கிறாரா என்பதைத்தான் அவருடைய பழைய வேலையில் பார்க்க வேண்டும்.

நான்கு வழிகள்

முதலில் பட்டணத்து ஸ்டூடியோ. அடையாள அட்டைக்கும் கடப்பிதழுக்கும் படம் எடுத்துக் கொடுத்து, பள்ளி விளையாட்டுப் போட்டிக்கும் தீமிதித் திருவிழாவுக்கும் போய்க்கொண்டிருக்கும் இவருக்கு ஊரே தெரியும். முதல்நாள் நலங்குக்கு வீட்டுக்கு வரச் சொன்னால் தனிக் கட்டணம் பேசாமல் வந்துவிடுவார். யார் மூத்த தாய்மாமன், யாரோடு யார் பேச்சு வார்த்தை இல்லை, யாரைப் பக்கத்தில் நிறுத்தக் கூடாது என்பது வரை தெரிந்து வைத்திருப்பார். ஏதேனும் தகராறு வந்தால் கடைக்கு நேரே போய் நிற்கலாம். இவரிடம் உள்ள குறைகளும் ஊரறிந்தவையே: எல்லாப் படத்திலும் நேருக்கு நேர் ஃபிளாஷ், மணமக்களை வெட்டி எடுத்து அருவிக்கும் ரோஜாவுக்கும் நடுவில் ஒட்டிய ஆல்பம், அன்பளிப்பு கொடுத்த ஒவ்வொருவரையும் கைகுலுக்கும் நிலையில் நிறுத்திய நீண்ட வீடியோ. அந்த வீடியோவைக் கேலி செய்கிறார்கள். ஆனால் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பார்ப்பதற்குப் பெற்றோர் திரும்பத் திரும்பப் போடுவது அதைத்தான்.

இந்த இடத்தில் தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயத்து வீடுகள் இடிக்கப்பட்டு, கித்தா (ரப்பர்) போய்ச் செம்பனை வந்த பிறகு, ஒரே லயத்தில் வாழ்ந்த குடும்பங்கள் ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று சிதறிவிட்டன. அவர்கள் ஒன்றுகூடுவது திருமணத்திலும் இழவிலும்தான். இறந்துபோன ஒரு பெரியவருக்கு மாலை போட்டு வைக்கப்படும் படம் பல வீடுகளில் ஒரு திருமணத்தில் எடுக்கப்பட்டதாகவே இருக்கிறது. பட்டு வேட்டி, சந்தனம், சிரித்த முகம் எல்லாம் சேர்ந்து அமைந்த படம் வேறெங்கும் அவருக்குக் கிடைத்திருக்காது. ஆகவே வயதானவர்களைத் தனித்தனியே ஒரு படமாவது எடுப்பாரா என்பதை ஒப்பந்தத்தில் கேட்டுப் பெறுவது வேடிக்கையான கோரிக்கை இல்லை. பட்டணத்து ஸ்டூடியோக்காரர் இதைக் கேட்காமலே செய்வார். வெளியூர்க் குழுவிடம் ஒரு பட்டியல் கொடுத்து, அந்தப் பெரியவர்களை அடையாளம் காட்டுவதற்கு உறவுக்காரப் பெண் ஒருத்தியையும் கூடவே அனுப்ப வேண்டும்.

இரண்டாவது வழி ஈப்போ அல்லது கோலாலம்பூர் குழு. ஈப்போ இங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். அங்குள்ள புந்தோங்கிலிருந்து அதிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பினாலும் முகூர்த்தத்துக்கு வந்துவிடலாம். கோலாலம்பூரிலிருந்து வருவோருக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம் உண்டு. முதல்நாளே வந்து தங்கியாக வேண்டும். தங்குமிடம், சாப்பாடு, டோல், பெட்ரோல் எல்லாம் யார் பொறுப்பு என்பது விலைப்பட்டியலில் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்காது. அவர்கள் நள்ளிரவு வரை வேறொரு விருந்தில் வேலை செய்துவிட்டு விடியவிடியக் கார் ஓட்டிக்கொண்டு வருவதாக இருந்தால், அந்த ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொள்ளவே கூடாது. வழியில் ஒரு டயர் வெடித்தாலும் தாலி கட்டும் படம் போய்விடும்.

இக்குழுக்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அன்றைக்கு நேரில் வரப்போவது யார் என்பது. பெயர் பெற்ற குழுக்கள் ஒரே நாளில் இரண்டு மூன்று திருமணங்களை ஒப்புக்கொண்டு, தங்களிடம் இல்லாத ஆட்களை வெளியிலிருந்து நாள் கூலிக்கு அமர்த்துவதுண்டு. நீங்கள் பார்த்து மயங்கிய படத்தை எடுத்தவர் அன்று தைப்பிங்கில் இருப்பார். உங்கள் வீட்டுக்கு வருபவரை உங்களுக்குத் தெரியாது. இன்னொரு விஷயம், ஆள் எண்ணிக்கை. இரண்டு புகைப்படக்காரர், இரண்டு வீடியோக்காரர், விளக்குப் பையன் ஒருவன் என்று ஐந்து பேர் மணவறையைச் சூழ்ந்துகொண்டால், வந்த விருந்தினர் திருமணத்தைப் பார்ப்பது அவர்களுடைய சட்டைக்குப் பின்னாலிருந்துதான். எங்கள் கோயிலில் தாலி கட்டும்போது மணவறை மேல் இரண்டு பேருக்கு மேல் ஏறக் கூடாது என்று வைத்திருக்கிறோம். மற்றவர்கள் தூரத்தை நெருக்கமாகக் காட்டும் 70-200 லென்ஸ் போட்டுத் தள்ளி நின்று எடுக்கட்டும். நல்ல குழுக்கள் இதற்கு முணுமுணுப்பதில்லை.

மூன்றாவது, உறவுக்காரப் பையன். இதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை: பிரதானப் புகைப்படக்காரராக அவனை வைக்க வேண்டாம். அவன் திறமையானவனாகவே இருக்கலாம். ஆனால் அவன் அந்த வீட்டுப் பிள்ளை. மாப்பிள்ளைத் தோழனாக நிற்கச் சொல்வார்கள், பாட்டியைக் காரில் அழைத்து வரச் சொல்வார்கள், பந்தியில் ஆள் குறைந்தால் சாம்பார் வாளியைக் கையில் கொடுப்பார்கள். படம் தாமதமானால் அவனைக் கடிந்து கேட்கவும் முடியாது, காசு கொடுத்தால் வாங்கவும் மாட்டான். பந்தக்கால் நடுவது, முதல்நாள் இரவு பெண்கள் மருதாணி வைத்துக்கொண்டு கதை பேசுவது, சமையற்கட்டின் பரபரப்பு போன்றவற்றை அவனிடம் விட்டால், வெளியாள் எவராலும் எடுக்க முடியாத படங்களை எடுப்பான்.

நான்காவது, அலங்காரத்தோடு சேர்த்து வரும் தொகுப்பு. விலை குறைவு, பேச வேண்டியது ஒரே ஆளிடம், தலைவலி இல்லை என்பதெல்லாம் உண்மை. ஆனாலும் நான்கில் இதைத்தான் நான் கடைசியில் வைப்பேன். அலங்காரக்காரர் தமக்குத் தெரிந்த ஒருவருக்கு வேலையைக் கைமாற்றிவிடுகிறார். அவருக்குப் போய்ச் சேரும் தொகை எவ்வளவு என்பது நமக்குத் தெரியாது. படம் சரியில்லை என்றால் இருவரும் ஒருவரையொருவர் காட்டுவார்கள். புகைப்படக்காரரின் பெயரைச் சொல்லி, அவரை நேரில் சந்திக்க வைத்து, அவருடைய பழைய வேலையைக் காட்டுகிற அலங்காரக்காரர்களும் உண்டு. அப்படியானால் அதை இரண்டாவது வழியாகக் கருதி மதிப்பிடலாம்.

பழைய வேலையைப் பார்க்கும் முறை

யாராக இருந்தாலும், முப்பது திருமணங்களிலிருந்து தேர்ந்தெடுத்த முப்பது படங்களைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஒரே திருமணத்தின் முழுத் தொகுப்பையும் கேட்க வேண்டும். அதுவும் நம் ஊர்க் கோயில் போன்ற இருண்ட இடத்தில், விடியற்காலை முகூர்த்தமாக நடந்ததாக இருக்க வேண்டும். அந்தத் தொகுப்பில் மணமக்கள் தனித்து நிற்கும் படங்களைத் தள்ளிவிட்டு, தாலி கட்டும் நேரத்துக்கு முன்னும் பின்னும் வரும் படங்களையும் பெரிய குடும்பப் படங்களையும் பார்த்தாலே போதும். எல்லாவற்றையும் காட்டத் தயங்குகிறவரிடம் காரணம் கேட்கலாம். அந்தக் குடும்பத்தின் அனுமதி இல்லை என்பது நியாயமான பதில்தான், ஆனால் அனுமதி கொடுத்த ஒரு குடும்பம்கூடவா இருக்காது?

இந்தப் படங்களில் நான் குறிப்பாகப் பார்ப்பது தோலின் நிறம். பெண்ணின் முகத்தை வெளுப்பாக்கிக் கொடுப்பதைப் பல ஸ்டூடியோக்கள் சேவையாகவே நினைக்கின்றன. பழைய ஸ்டூடியோக்களும் இதைச் செய்கின்றன, புதிய குழுக்களும் வேறு பெயரில் செய்கின்றன. கன்னத்தை வெளுப்பாக்கும்போது கழுத்தும் சேர்ந்து வெளுக்கிறது. மஞ்சள் கயிறு வெளிறுகிறது, குங்குமம் ஆரஞ்சு ஆகிறது, அரக்குப் பட்டு இளஞ்சிவப்பாக மாறுகிறது. பாட்டியின் முகச் சுருக்கத்தை வழித்தெடுத்து மெழுகுபொம்மை ஆக்கிய ஆல்பம் ஒன்றை ஒரு குடும்பத்தார் என்னிடம் கொண்டுவந்து காட்டினார்கள். பாட்டியின் சொந்த மகளுக்கே ஒரு நொடி அடையாளம் தெரியவில்லை. நிறத்தை மாற்ற வேண்டாம், சுருக்கத்தை அழிக்க வேண்டாம் என்பதைப் பேசும்போதே சொல்லி, எழுத்திலும் வாங்கிக்கொள்ள வேண்டும். எடுத்து முடித்த பிறகு சொன்னால், திருத்தத்துக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள்.

விலையும் பொருளும்

விலையை ஒப்பிடுவதில் உள்ள தடுமாற்றம், ஒவ்வொருவரும் வேறு வேறு பொருளுக்கு விலை சொல்வதுதான். எடுத்துக்காட்டாக, ஒருவர் 4,500 வெள்ளி (ரிங்கிட்) என்றும் இன்னொருவர் 3,800 வெள்ளி என்றும் சொன்னால், இரண்டாமவர் மலிவு என்று தோன்றும். முதலாமவரின் விலையில் ஆல்பம், நலங்கு, பெற்றோருக்குச் சிறு ஆல்பம், ஹார்ட் டிஸ்க் எல்லாம் அடங்கியிருந்து, இரண்டாமவரின் விலை எட்டு மணி நேர வேலைக்கு மட்டுமானதாக இருந்தால், கணக்கு தலைகீழாகிவிடும். காலை ஐந்தரைக்குத் தொடங்கி இரவு பதினொன்றுக்கு முடியும் நாளில் எட்டு மணி நேரம் எங்கே போதும்? கூடுதல் மணிக்கு எவ்வளவு, காலைக்கும் இரவுக்கும் இடையிலான ஓய்வு நேரத்துக்கும் கட்டணம் உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

படங்களின் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. 40 பக்க ஆல்பம் என்றால் 20 விரிப்புகள். ஒரு விரிப்பில் நான்கைந்து படங்கள் வைத்தாலே அழகாக இருக்கும். ஆக 80 முதல் 100 படங்கள்தான் அச்சேறும். 3,000 படம் தருகிறேன் என்பவரைவிட, அந்த நூறு படங்களை யார் தேர்ந்தெடுப்பது, எத்தனை முறை மாற்றிக் கேட்கலாம் என்பதற்குத் தெளிவாகப் பதில் சொல்பவர் மேல்.

எடுத்த படங்களைக் காப்பாற்றுவது பற்றியும் கேட்க வேண்டும். தொழில்முறைக் கேமராக்கள் பலவற்றில் இரண்டு மெமரி கார்டுகளைப் போட்டு ஒரே படத்தை இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவு செய்யலாம். அப்படிச் செய்கிறாரா என்று கேளுங்கள். 24 மெகாபிக்சல் கேமராவின் மூலக் கோப்பு (ரா) ஒன்று ஏறத்தாழ 25 முதல் 30 மெகாபைட் வரை இருக்கும். 3,000 படம் என்றால் 75 முதல் 90 கிகாபைட். இவ்வளவையும் எத்தனை மாதம் வைத்திருப்பார், பிறகு அழித்துவிடுவாரா என்பது திருமணத்தன்று யாருக்கும் தோன்றாத கேள்வி. ஆல்பத்தில் தண்ணீர் பட்டுக் கெட்டுப்போன பிறகு எல்லாருக்கும் தோன்றும் கேள்வி.

ட்ரோன், திருமணத்துக்கு முந்தைய படப்பிடிப்பு இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ட்ரோனைப் பறக்கவிடுவது மலேசிய சிவில் வான் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளுக்கு உட்பட்டது. அனுமதி எடுப்பது தங்கள் பொறுப்பு என்று குழுவினர் எழுதிக் கொடுக்க வேண்டும். கோயில் கோபுரத்துக்கு மேலே பறக்கவிடுவது என்றால் நிர்வாகத்திடமும் கேட்க வேண்டும். முந்தைய படப்பிடிப்புக்குப் பத்து காஜாவிலுள்ள கெல்லி கோட்டைக்கும் தைப்பிங் ஏரிப் பூங்காவுக்கும் போகிறார்கள். மணமக்களுக்குக் கேமரா முன் நிற்கும் கூச்சம் போகும் என்பது இதில் உள்ள உண்மையான பயன். கெல்லி கோட்டைக்குப் போகிறவர்கள், அருகிலேயே தென்னிந்தியத் தொழிலாளர்களுக்காக எழுப்பப்பட்ட மாரியம்மன் கோயிலையும் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம். செம்பனைத் தோட்டத்துக்குள் எடுப்பதானால் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் போகாதீர்கள்.

எழுத்தில் இருக்க வேண்டியவை

உள்ளூர்க்காரர் என்றால் வாய்ப்பேச்சு போதும் என்றும், வெளியூர்க்காரர் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியே ஒப்பந்தம் என்றும் நம்மவர்கள் இருந்துவிடுகிறார்கள். ஒரு பக்கத் தாள் போதும்: வரப்போகும் ஆளின் பெயர், வர வேண்டிய நேரம், ஒப்படைக்க வேண்டிய பொருள்கள், ஒப்படைக்கும் தேதி, முன்பணம், அவர் நோய்வாய்ப்பட்டால் யாரை அனுப்புவார் என்பது. மீதிப் பணத்தில் ஒரு பகுதியை ஆல்பம் கைக்கு வந்த பிறகு தருவதாக எழுதிக்கொள்வது, ஆல்பம் விரைவாக வருவதற்கு நான் அறிந்த ஒரே வழி. அவருடைய தொழில், நிறுவனப் பதிவு ஆணையத்தில் பதிவு செய்யப்பட்டதா என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது.

படங்களின் உரிமை பற்றிச் சட்டம் நமக்குச் சாதகமாகவே இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, ஒருவர் பணித்துச் செய்யச் சொன்ன படைப்பின் பதிப்புரிமை, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், பணித்தவருக்கே மாறியதாகக் கொள்ளப்படும். சிக்கல் அந்த ‘வேறுவிதமான ஒப்பந்தத்தில்’தான் இருக்கிறது. குழுக்கள் நீட்டும் தாளின் பின்பக்கத்தில், எல்லா உரிமையும் தங்களுக்கே என்றும், எந்தப் படத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்றும் பொடி எழுத்தில் இருக்கும். மகளின் நலங்குப் படம் முகநூலில் விளம்பரமாக வருவதைப் பார்த்துத் திகைக்க வேண்டாமென்றால், கையெழுத்திடும் முன்பே அந்த வரியை அடித்துவிடலாம், அல்லது நாம் சம்மதித்த படங்களை மட்டும் என்று திருத்தலாம்.

பணத்தை வாங்கிக்கொண்டு ஆல்பம் தராமல் இழுத்தடித்தால், பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது, மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். அங்கேயும் கேட்பது அந்த ஒரு பக்கத் தாளைத்தான்.

என் முடிவு

காலை முகூர்த்தம் கோயிலில், இரவு விருந்து மண்டபத்தில் என்றால், கோயிலுக்கு உள்ளூர் ஸ்டூடியோக்காரரையும் விருந்துக்கு ஈப்போ குழுவையும் பேசுவது, பெரும்பாலான குடும்பங்களுக்குப் பொருந்தும் ஏற்பாடு. இரண்டு ஆல்பம் வேண்டியதில்லை. இருவரிடமும் கோப்புகளை வாங்கி, ஆல்பத்தை ஒருவரிடம் மட்டும் கொடுத்தால் செலவு கட்டுக்குள் இருக்கும். அடுத்தவர் எடுத்த படத்தை ஆல்பத்தில் சேர்க்கச் சில குழுக்கள் மறுக்கும் என்பதால், இதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பேசிவிட வேண்டும். முகூர்த்தமும் மண்டபத்திலேயே, ஒன்பது மணிக்கு மேல், நல்ல வெளிச்சத்தில் நடக்கிறதென்றால், நாள் முழுவதையும் ஈப்போ குழுவிடமே கொடுக்கலாம்; அப்போது சடங்கு தெரிந்த ஒருவர் குழுவில் இருக்கிறாரா என்பது மட்டுமே கேள்வி. பணம் ஒருவருக்குத்தான் போதும் என்றால், தயங்காமல் உள்ளூர்க்காரரைப் பேசி, அருவியும் ரோஜாவும் வேண்டாம், நிறத்தை மாற்ற வேண்டாம், படத்தைப் படமாகவே வையுங்கள் என்று சொல்லுங்கள். சொன்னால் செய்து கொடுப்பார். இதுவரை அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கோலாலம்பூர் குழுவைப் பேசுவது, மணமக்கள் ஒரு குறிப்பிட்ட கலைஞரின் வேலையை உண்மையிலேயே விரும்பி, அந்தக் கலைஞரே நேரில் வர ஒப்புக்கொண்டால் மட்டும் பொருந்தும்.

பேசும் வரிசையும் முக்கியம். ஆடியிலும் மார்கழியிலும் திருமணம் வைப்பதில்லை என்பதால் தை, வைகாசி, ஆவணி மாதங்களின் வளர்பிறை ஞாயிறுகளுக்கு எல்லாரும் போட்டியிடுகிறார்கள். அந்த ஞாயிறுகளில் ஈப்போவில் ஒரு குழு இல்லாவிட்டால் இன்னொரு குழு கிடைக்கும். கோயில் வேலை தெரிந்த உள்ளூர்க்காரர்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஆகவே முகூர்த்த நாள் குறித்ததும் முதலில் காலைக்கான ஆளைப் பேசிவிட வேண்டும். அவர் ஏற்கனவே வேறொரு வீட்டுக்கு ஒப்புக்கொண்டிருந்தால், தமக்குப் பதிலாகக் கோல கங்சாரிலோ புந்தோங்கிலோ யாரை நம்பி அனுப்புவார் என்று அவரிடமே கேட்டு, அந்த ஆள் எடுத்த ஒரு திருமணத்தின் முழுத் தொகுப்பையும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.